பைக்கு அடங்குகிறது… கைக்கு அடங்குகிறதா?

சின்ன ஒயர்லெஸ் மவுஸ் வாங்கியவர்களின் இரண்டாம் ஆண்டு அனுபவம்

சென்னை அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் திரும்பினால், மாலை ஆறு மணிக்குத் தோளை ஒடுக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஒரு பக்கம் மீன்பாடி வண்டியில் அட்டைப்பெட்டிகள் ஏறுகின்றன. இன்னொரு பக்கம் கடை வாசலை மறைத்துத் தொங்கும் சார்ஜர்கள், இயர்போன்கள், அவற்றின் நடுவே பிளாஸ்டிக் உறைக்குள் வரிசையாக மாட்டிய சின்னச் சின்ன ஒயர்லெஸ் மவுஸ்கள். கல்லூரிப் பையன் ஒருவன் தன் பழைய மவுஸை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைக்கிறான். “அண்ணே, ஒரு தடவை அழுத்துனா ரெண்டு தடவை அடிக்குது.” கடைக்காரர் அதைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. “அது அப்படித்தான் தம்பி. புதுசு வாங்கிக்கோ.” உறையைக் கிழிக்கிறார், பென்சில் செல் ஒன்றைப் போடுகிறார், மவுஸின் அலையை வாங்கும் சின்ன டாங்கிளைக் கடை லேப்டாப்பில் செருகுகிறார். கண்ணாடிமேல் மவுஸ் ஓடாது; அதனால் அடியில் ஒரு அட்டையை வைத்து நகர்த்திக் காட்டுகிறார். திரையில் அம்புக்குறி ஓடுகிறது. பையன் நின்றபடியே நாலு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுக்கிறான். பழையது மேசைக்கு அடியில் இருக்கும் பெட்டிக்குள் விழுகிறது.

அந்தக் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. இந்தச் சின்ன மவுஸை வாங்கியவர்கள் முதல் மாதத்தில் ஏறத்தாழ ஒரே பாராட்டைத்தான் சொல்கிறார்கள்: ஒயர் தொல்லை இல்லை, எடை இல்லை, பைக்குள் போட்டால் இருப்பதே தெரியவில்லை. ஓராண்டு, இரண்டாண்டு போனதும் புகாரும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. கிளிக் இரட்டிக்கிறது, அம்புக்குறி விட்டுவிட்டு நகர்கிறது, டாங்கிள் தொலைந்ததும் மவுஸே வீணாகிறது, சாயங்காலம் ஆனால் மணிக்கட்டு வலிக்கிறது. இதைச் சொல்லும்போது பலர் பழியைத் தங்கள்மேல் போட்டுக்கொள்கிறார்கள். தாங்கள்தான் ஓங்கி அழுத்திவிட்டோம், சரியாகப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறார்கள். கடைகளோ விலைக்கேற்ற பொருள் என்று முடித்துவிடுகின்றன. இரண்டையும் நான் ஏற்கவில்லை. இந்தக் குறைகள் ஒவ்வொன்றுக்கும் தெளிவான பொறியியல் காரணம் இருக்கிறது. தயாரிப்பவர்களுக்கு அது பல ஆண்டுகளாகத் தெரியும். பெரும்பாலானவற்றைச் சில ரூபாய்ச் செலவில் குறைத்திருக்கலாம், அல்லது பெட்டியின்மேல் ஒரு வரி அச்சடித்து வாங்குபவரை எச்சரித்திருக்கலாம். அந்த வரி நம்மிடம் வந்து சேரவே இல்லை.

பயணத்துக்குச் செய்தது, பிழைப்புக்கு வந்தது

சின்ன மவுஸ் பயணத்துக்காகச் செய்யப்பட்ட பொருள். விமானத்துக்குக் காத்திருக்கும்போது லேப்டாப்பைத் திறந்து ஒரு மணி நேரம் வேலை பார்ப்பவரை மனதில் வைத்தே அதன் நீளமும் உயரமும் முடிவாயின. ஆனால் இன்று அது புழங்கும் இடங்களைப் பாருங்கள். டேலியில் கணக்கு எழுதும் கணக்காளரின் மேசை. கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் டி.டி.பி. கடை. சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் விண்ணப்பம் ஏற்றும் இ-சேவை மையம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, வீட்டுச் சாப்பாட்டு மேசையே அலுவலகமான பிறகு, மேசைக் கணினியும் அதன் பெரிய மவுஸும் இருந்த இடத்தை லேப்டாப்பும் சின்ன மவுஸும் பிடித்தன. ஊரடங்கு போனது, அந்த மாற்றம் போகவில்லை. ஒரு மணி நேரத்துக்கான கருவி எட்டு, பத்து மணி நேரம் உழைக்கிறது. இதன் விளைவுகள்தான் புகார்களாக வெளியே வருகின்றன.

பெட்டிச் செய்தி: மரக்கட்டையிலிருந்து உள்ளங்கைக்கு

1964: அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் டக்ளஸ் எங்கெல்பார்ட்டின் யோசனைக்கு பில் இங்லிஷ் உருவம் கொடுத்தார். மரக்கட்டை உடல், ஒரே பொத்தான், அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சக்கரங்கள்.

1968 டிசம்பர் 9: சான்ஃபிரான்சிஸ்கோ மாநாட்டில் பொதுமக்கள் முன் முதல் செயல்விளக்கம். காப்புரிமை 1970-இல் கிடைத்தது.

1984: ஆப்பிள் மெக்கின்டாஷ் வழியாக மவுஸ் வீடுகளுக்குள் நுழைந்தது.

1991: லாஜிடெக்கின் ரேடியோ அலை மவுஸ். ஒயர் போனது.

1999: மைக்ரோசாஃப்டின் இன்டெலிமவுஸ் எக்ஸ்ப்ளோரர். அதுவரை மவுஸின் அடியில் சுழன்ற உருண்டைக்குப் பதிலாக, மேசைப் பரப்பை நொடிக்கு 1,500 முறை படமெடுக்கும் சிறு கேமரா. இன்றைய மவுஸ்கள் எல்லாம் இந்த வழியில் வந்தவை. வழவழப்பான கண்ணாடியில் அந்தக் கேமராவுக்குப் பிடித்துக்கொள்ள எந்த அடையாளமும் கிடைக்காததால்தான் சாதாரண மவுஸ் கண்ணாடிமேல் ஓடுவதில்லை.

ஒரு கிளிக் இரண்டாகும்போது

புகார்களில் முதலிடம் இதற்குத்தான். ஃபோல்டரைத் தேர்வு செய்ய ஒருமுறை அழுத்தினால் அது திறந்துகொள்கிறது. ஒரு பத்தியை இழுத்துத் தேர்வு செய்யும்போது பாதியில் பிடி விட்டுப்போகிறது. கோப்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு இழுத்துப் போகையில் நடுவழியில் வேறொரு ஃபோல்டருக்குள் விழுந்துவிடுகிறது. எங்கே விழுந்தது என்று தேடுவதில் நேரம் போகும். விழுந்ததே தெரியாமல் போனால் அந்தக் கோப்பு காணாமல் போனதாகவே கணக்கு. விண்ணப்பப் படிவத்தில் ‘சமர்ப்பி’ பொத்தானை அழுத்துபவருக்கு இது எரிச்சலோடு நிற்பதில்லை. ஒரே விண்ணப்பம் இரண்டு தடவை போகலாம். இணையதளம் நன்றாக எழுதப்பட்டிருந்தால் இரண்டாவதைத் தடுத்துவிடும். எல்லாத் தளங்களும் அப்படி எழுதப்படுவதில்லை.

காரணம் மிகச் சிறியது. பொத்தானுக்கு அடியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு மைக்ரோ சுவிட்ச் இருக்கிறது. அதற்குள் விறைப்பாக வளைத்துவைத்த ஒரு செப்புக் கலவைத் தகடு. அழுத்தும்போது தகடு ‘டக்’கென்று தாவிக் கீழ்முனையைத் தொடுகிறது. தொட்ட வேகத்தில் அது சில முறை துள்ளும். நம் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத துள்ளல். ஒவ்வொரு துள்ளலையும் தனி கிளிக்காக எடுத்துக்கொள்ளாமல் இருக்க, மவுஸின் சில்லு சில மில்லி நொடிகள் பொறுத்திருந்துவிட்டுத்தான் அடுத்ததைக் கணக்கில் எடுக்கும். தகடு தளர்ந்தாலோ, தொடும் முனையில் ஆக்சைடு படலம் படிந்தாலோ, துள்ளல் அந்தப் பொறுமையின் எல்லையைத் தாண்டிவிடுகிறது. அப்போது ஒரு கிளிக் இரண்டாகிறது. நீங்கள் ஓங்கி அழுத்தியதற்கும் இதற்கும் பெரிய தொடர்பு கிடையாது.

மவுஸ்களில் பரவலாகப் பயன்பட்ட ஓம்ரான் நிறுவனச் சுவிட்ச் வகை ஒன்றின் ஆயுள் 1 கோடி அழுத்தல்கள் என்று குறிப்பிடப்படுகிறது. நாளொன்றுக்கு 5,000 கிளிக் என்று வைத்துக்கொண்டால் 2,000 நாள். ஞாயிறும் விடுமுறையும் பார்க்காமல் உழைத்தால்கூட ஐந்தரை ஆண்டு வர வேண்டும். பிறகு ஏன் இரண்டாம் ஆண்டே தகராறு? அந்த எண், தகடு ஒடியாமல் எத்தனை முறை தாவும் என்பதைத்தான் முதன்மையாகச் சொல்கிறது. நம்மூர்க் கடற்கரை ஈரக்காற்றில் முனைகள் எவ்வளவு சுத்தமாக இருக்கும் என்பதற்கு அதில் பதில் இல்லை. ஒயர்லெஸ் மவுஸில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. செல்லைச் சேமிப்பதற்காகச் சுவிட்ச் வழியே செல்லும் மின்சாரத்தை மிகவும் குறைத்துவைக்கிறார்கள். முனையில் படியும் மெல்லிய படலத்தை உடைத்து எரிக்க அந்தச் சொற்ப மின்சாரம் போதுவதில்லை. ஒரு செல்லில் ஓராண்டு ஓடும் என்று பெட்டியில் பெருமையாக அச்சடிக்கிறார்களே, அந்தப் பெருமைக்கான விலையில் ஒரு பங்கைச் சுவிட்ச் கொடுக்கிறது. மலிவான மவுஸ்களில் எந்தச் சுவிட்ச், எத்தனை கிளிக் ஆயுள் என்ற விவரமே பெரும்பாலும் இருப்பதில்லை.

சாலிடரிங் தெரிந்தவர் அந்தச் சுவிட்சை மாற்ற அரை மணி நேரம் போதும். பொருளின் விலை சில பத்து ரூபாய். ஆனால் மவுஸைத் திறக்க வேண்டுமே! திருகாணிகள் அடியில் ஒட்டிய வழுக்குப் பட்டைகளுக்குக் கீழே ஒளிந்திருக்கும்; பிரித்தால் பட்டை கிழியும், திரும்ப ஒட்டாது, மாற்றுப் பட்டையும் எளிதில் கிடைக்காது. மெலிதான வகைகளில் திருகாணியே இல்லாமல் பசை மட்டும் இருக்கும். பழுதுபார்க்கும் திறமை ஊரில் இல்லாமல் போகவில்லை. அந்தத் திறமைக்குக் கதவு திறக்காதபடி பொருளைச் செய்கிறார்கள். எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான்.

அம்புக்குறி ஏன் தடுமாறுகிறது?

“புது மவுஸ்தான், ஆனா விட்டு விட்டு ஓடுது” என்று சொல்லி மாற்றிக் கேட்பவர்கள் பலர். மாற்றிக் கொடுத்த மவுஸும் அப்படியே ஓடுகிறது. தவறு மவுஸில் இல்லை, அதன் டாங்கிள் செருகிய இடத்தில் இருக்கிறது. இந்த மவுஸ்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. உரிமம் வாங்காமல் யாரும் பயன்படுத்தலாம் என்பதால் வைஃபை, புளூடூத் எல்லாம் அதே வரிசையில்தான் நெரிசலாக நிற்கின்றன. அதைவிட அருகில் ஒரு தொல்லை உண்டு. யூ.எஸ்.பி. 3.0 இணைப்பில் ஹார்டு டிஸ்கோ பென் டிரைவோ வேலை செய்யும்போது அதிலிருந்து கசியும் மின்காந்த இரைச்சல் இதே அலைவரிசையில் விழுகிறது. 2012-இலேயே இன்டெல் நிறுவனம் இதை அளந்து வெளியிட்டுவிட்டது. டாங்கிளும் ஹார்டு டிஸ்கும் அடுத்தடுத்த துளைகளில் இருந்தால், மவுஸின் மெல்லிய குரல் அந்த இரைச்சலில் அமுங்கிப் போகும்.

தீர்வு எளிது. டாங்கிளை லேப்டாப்பின் மறுபக்கத் துளையில் செருகலாம். பழைய யூ.எஸ்.பி. 2.0 துளை இருந்தால் இன்னும் நல்லது. நீல நிறத் துளை பொதுவாக 3.0 வகை. இரண்டும் முடியாவிட்டால் ஒரு முழம் நீள யூ.எஸ்.பி. நீட்டிப்பு ஒயர் வாங்கி, டாங்கிளை மவுஸுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடலாம். இ-சேவை மையங்களில் கணினிப் பெட்டி மேசைக்கு அடியில் இருக்கும், டாங்கிள் அதன் முதுகில் சுவரைப் பார்த்துச் செருகியிருக்கும், நடுவே இரும்பு மேசை நிற்கும். அங்கே அம்புக்குறி தடுமாறினால் வியப்பதற்கு எதுவுமில்லை. அந்தச் சின்ன நீட்டிப்பு ஒயரைப் பெட்டிக்குள்ளேயே போட்டுக்கொடுக்க எவ்வளவு செலவாகிவிடும்? அது இல்லாவிட்டால், எந்தத் துளையில் செருகக் கூடாது என்று ஒரு படமாவது போடலாம். மாற்றிக் கேட்டு அலையும் எத்தனையோ பேரின் நேரம் மிஞ்சும்.

இன்னொரு தடுமாற்றம் வேறு வகை. சில நிமிடம் கையெடுத்துவிட்டு மறுபடி தொட்டால் முதல் நொடியில் அம்புக்குறி அசையாது. செல்லைச் சேமிக்க மவுஸ் தூங்கிவிடுகிறது. எழுப்ப ஒரு கணம் ஆகிறது. இது குறை இல்லை, தெரிந்தே செய்த தேர்வு. தெரிந்தே செய்ததை வாங்குபவருக்குச் சொல்லியிருந்தால் பாதிப் புகார் எழுந்திருக்காது.

நகத்தளவு டாங்கிள்

சின்ன மவுஸைவிடச் சின்னது அதன் டாங்கிள். லேப்டாப்பிலேயே விட்டுவிடலாம் என்று சொல்லி விற்கிறார்கள். பைக்குள் திணிக்கும்போது அது துளையோடு இடிபட்டு வளைவதும், கழற்றி வைத்தால் காணாமல் போவதும் வாடிக்கை. பல மவுஸ்களின் அடியில் செல் அறைக்குள் டாங்கிளுக்கென்று ஒரு பள்ளம் இருக்கிறது, கவனிக்காதவர்கள் அதிகம். தொலைந்தால் என்ன ஆகும் என்பது எந்த வகையை வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. லாஜிடெக் 2009-இல் அறிமுகப்படுத்திய ‘யூனிஃபையிங்’ முறையில் ஒரே டாங்கிளோடு ஆறு கருவிகள் வரை இணையும். தொலைந்தால் அதே வகை டாங்கிளைத் தனியாக வாங்கி இணைத்துக்கொள்ளலாம். பெயர் தெரியாத மலிவு மவுஸ்களில் பொதுவாக டாங்கிளும் மவுஸும் தொழிற்சாலையிலேயே ஜோடி சேர்க்கப்பட்டவை. ஒன்று போனால் மற்றது வெறும் பிளாஸ்டிக். புளூடூத் மவுஸுக்கு இந்தக் கவலை கிடையாது, ஆனால் பழைய மேசைக் கணினிகள் பலவற்றில் புளூடூத்தே கிடையாது.

டாங்கிள் ஒரு வாசலும்கூட. 2016-இல் பாஸ்டீல் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ‘மவுஸ்ஜாக்’ என்ற பெயரில் ஒரு ஓட்டையை வெளியிட்டது. மவுஸிலிருந்து டாங்கிளுக்குப் போகும் செய்திகள் பல தயாரிப்புகளில் பூட்டப்படாமல் இருந்தன. ஏறத்தாழ நூறு மீட்டர் தூரத்திலிருந்து ஒருவர் மலிவான ரேடியோ கருவியைக் கொண்டு அந்த டாங்கிள் வழியாக விசைப்பலகையில் தட்டச்சு செய்வதுபோல் கணினிக்குள் கட்டளைகளை அனுப்ப முடிந்தது. பெரிய நிறுவனங்கள் பலவற்றின் தயாரிப்புகள் அந்தப் பட்டியலில் இருந்தன. சிலர் மென்பொருள் திருத்தம் வெளியிட்டார்கள். ஆனால் பழைய டாங்கிள்களில் ஒரு பகுதியைத் திருத்தவே முடியாது. குடிமக்களின் ஆதார் விவரமும் வங்கி விவரமும் நாள்தோறும் தட்டச்சாகும் கணினிகளில், எப்போது வாங்கியது என்றே தெரியாத டாங்கிள்கள் செருகியிருப்பதை அதிகாரிகள் கவனிக்க வேண்டும்.

கை என்ன கேட்கிறது?

செருப்புக் கடையில் அளவு கேட்காமல் யாரும் செருப்பை எடுத்துக் கொடுப்பதில்லை. நாள் முழுக்கக் கையோடு ஒட்டியிருக்கும் மவுஸுக்கு மட்டும் அளவே கிடையாது. சிறியது, பெரியது என்ற பேச்சே கடையில் எழுவதில்லை. பரவலாக விற்ற லாஜிடெக் எம்185-ஐ எடுத்துக்கொள்வோம். நீளம் ஏறத்தாழ 10 செ.மீ., அகலம் 6 செ.மீ., உயரம் 4 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. தட்டையான கூழாங்கல் வடிவ வகைகளில் உயரம் இரண்டரை செ.மீ. அளவுக்கு இறங்கிவிடுகிறது. மேசைக்கென்று செய்த பெரிய வகைகள் 12.5 செ.மீ. நீளமும் 5 செ.மீ. உயரமும் இருக்கும். வளர்ந்த ஆணின் கை, மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை பொதுவாக 18 செ.மீ.யைத் தாண்டும். அப்படிப்பட்ட கை சின்ன மவுஸின்மேல் படுக்க முடியாது. உள்ளங்கை அந்தரத்தில் நிற்க, விரல்கள் கொக்கிபோல் மடங்கிப் பிடிக்கின்றன. கட்டைவிரலும் சுண்டுவிரலும் இரண்டு பக்கமும் கவ்வுகின்றன. மணிக்கட்டு மேசை விளிம்பில் அழுந்தி மேல்நோக்கி வளைகிறது. பத்து நிமிடத்துக்கு இது ஒன்றும் செய்யாது. ஆறு மணி நேரத்துக்கு?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. மவுஸ் பிடிப்பதால் மணிக்கட்டு நரம்பு நசுங்கும் ‘கார்ப்பல் டனல்’ நோய் வரும் என்ற பயம் ஊதிப் பெருக்கப்பட்டது என்று சொல்பவர்களுக்குச் சான்று உண்டு. டென்மார்க்கில் ஆயிரக்கணக்கான தொழில்நுட்பப் பணியாளர்களை ஓராண்டு பின்தொடர்ந்து 2003-இல் வெளியான ஆய்வு, கணினி வேலை அந்த நோய்க்குப் பெரிய தொழில்சார் ஆபத்து ஆகாது என்றே முடித்தது. 1999-இல் வந்த இன்னொரு ஆய்வு, மணிக்கட்டுக் குழலுக்குள் இருக்கும் அழுத்தத்தை நேரடியாக அளந்தது. மூன்று விதமான மவுஸ்களைக் கொடுத்துப் பார்த்ததில், மவுஸின் வடிவம் பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. சின்ன மவுஸ்தான் நோய் தருகிறது என்று எழுதினால் அது உண்மைக்குப் புறம்பு.

ஆனால் அதே இரண்டு ஆய்வுகளையும் முழுதாகப் படிக்க வேண்டும். டென்மார்க் ஆய்வில், வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் மவுஸ் பிடித்தவர்களிடம் அறிகுறிகளுக்கும் மவுஸுக்கும் தொடர்பு தெரிந்தது. 1999 ஆய்வில், கை மவுஸின்மேல் சும்மா இருக்கும்போதைவிடப் பொத்தானை அழுத்திப் பிடித்து இழுக்கும்போது குழலுக்குள் அழுத்தம் வெகுவாக ஏறியது. ஆக நேரமும் செய்யும் வேலையும் முக்கியம். டி.டி.பி. தொழிலாளி நாள் முழுக்கச் செய்வது அழுத்திப் பிடித்து இழுக்கும் வேலைதான். வாரத்துக்கு 20 மணி நேரத்தை அவர் புதன்கிழமைக்குள் தாண்டிவிடுவார். நரம்பு நோய் அளவுக்குப் போகாத விரல் சோர்வு, முன்கை இறுக்கம், தோள்பட்டை வலி ஆகியவைதான் பயனர்கள் அதிகம் சொல்வது. அவற்றுக்குப் பெயர் பெரிதாக இல்லாததால் யாரும் பொருட்படுத்துவதில்லை. அந்த டி.டி.பி. தொழிலாளிக்குக் கை முழுதும் படுக்கும் மவுஸ் ஒன்றை வாங்கித் தருவது முதலாளிக்குப் பெரிய செலவு அல்ல.

சின்ன மவுஸ் தேவைப்படுபவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பெரிய மவுஸ்கள் நடுத்தர ஆணின் கையை மனதில் வைத்தே செய்யப்பட்டவைபோல் இருக்கின்றன. சிறிய கை உள்ள பெண்கள் பலருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அவை பாரமாக, எட்டாத பொத்தான்களோடு இருக்கும், 10 செ.மீ. மவுஸ்தான் அவர்கள் கைக்குச் சரியாகப் படுகிறது. இடதுகைக்காரர்களுக்கு இது வரமே. பெரிய வகைகளில் பெரும்பாலானவை வலதுகைக்கு மட்டும் வளைத்தவை. சின்ன மவுஸ்கள் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதால், அமைப்பில் பொத்தான்களை மாற்றிக்கொண்டால் போதும். தேர்ந்தெடுக்க வழி இருந்தால் சின்ன மவுஸ் நல்ல பொருள். கையின் அளவைக் கேட்காமல் எல்லோருக்கும் அதையே நீட்டும்போதுதான் தீங்கு தொடங்குகிறது.

செல்லா, சார்ஜா?

பென்சில் செல் போடும் வகையைப் பழசு என்று ஒதுக்கி, உள்ளேயே லித்தியம் பேட்டரி வைத்து மூடிய மெலிந்த மவுஸ்களைப் பலர் விரும்புகிறார்கள். நீண்ட நாள் அனுபவம் எதிர்த்திசையில் இருக்கிறது. செல் தீர்ந்தால் தெருமுனைக் கடையில் வாங்கிப் போட்டு அடுத்த நிமிடம் வேலையைத் தொடரலாம். திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யும் நிக்கல் செல்களைப் போட்டால் குப்பையும் குறையும். மாதக்கணக்கில் பயன்படுத்தாதபோது செல்லைக் கழற்றி வைப்பது ஒன்றுதான் நாம் செய்ய வேண்டியது. கசிந்தால் ஸ்பிரிங் அரித்துப்போகும். உள்ளே ஒட்டிய பேட்டரியோ சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும், மாற்ற வழியில்லை, நல்ல நிலையில் இருக்கும் மவுஸ் அதோடு சேர்ந்து சாகும். ஆப்பிளின் மேஜிக் மவுஸில் 2015 முதல் சார்ஜ் துளை அடிவயிற்றில் இருக்கிறது. சார்ஜ் ஏறும்வரை மவுஸைப் பயன்படுத்த முடியாது என்று பயனர்கள் ஆண்டுக்கணக்கில் குறை சொன்னார்கள். 2024-இல் துளையின் வகை யூ.எஸ்.பி.-சி ஆக மாறியது, இடம் மாறவில்லை. துளையின் வகை மாறிய நேரம் கவனிக்கத்தக்கது: ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுச் சார்ஜர் சட்டம் மவுஸ்களையும் சேர்த்து 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. பல ஆண்டுப் புகார்களுக்கு அசையாத நிறுவனத்தைச் சட்டம் துளையின் வகையிலாவது அசைத்துக் காட்டியிருக்கிறது.

பெட்டிச் செய்தி: கடையில் நிற்கும்போது

நின்றபடி சோதிக்காதீர்கள். முடிந்தால் உட்கார்ந்து, முழங்கையை மேசை உயரத்துக்குக் கொண்டுவந்து மவுஸைப் பிடியுங்கள். உள்ளங்கை எதன்மேலாவது படுகிறதா என்று பாருங்கள்.

ஒரு கோப்பை அழுத்திப் பிடித்துத் திரையின் நான்கு மூலைக்கும் இழுங்கள். பிடி விடக் கூடாது.

டாங்கிள் தொலைந்தால் வேறொன்றை இணைக்க முடியுமா என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் ‘முடியாது’ என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பில் வாங்குங்கள். ஓராண்டோ மூன்றாண்டோ, உத்தரவாதம் பில்லோடுதான் உயிர்வாழும்.

கணினி இடம் மாறாத மேசைக்கு ஒயர் மவுஸே போதும். செல் இல்லை, டாங்கிள் இல்லை, அலைவரிசை நெரிசல் இல்லை.

“ஐந்நூறு ரூபாய்ப் பொருளுக்கா இத்தனை?”

இந்தக் கேள்வியை வியாபாரிகளும் கேட்பார்கள், வாசகர்களும் கேட்பார்கள். சில நூறு ரூபாயில் கிடைப்பதற்கு ஆயுள், பழுதுபார்ப்பு, அளவு என்று எதிர்பார்ப்பது அதிகம் இல்லையா? விலை குறைவு என்பது கடையில் கொடுக்கும் தொகையை மட்டும் பார்த்துச் சொல்வது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதிது வாங்குபவர் பத்து ஆண்டில் ஐந்து மவுஸ் வாங்குகிறார். ஒரு நல்ல மவுஸின் விலையை அதற்குள் கொடுத்து முடித்திருப்பார். அதற்கு மேல் இரட்டை கிளிக்கால் வீணான நேரம், மாற்றிக் கேட்க அலைந்த பேருந்துச் செலவு. மலிவுப் பொருளின் குறை ஏழை, நடுத்தர மக்களைத்தான் திரும்பத் திரும்பச் செலவழிக்க வைக்கிறது. வசதி உள்ளவர் முதலிலேயே நல்லதை வாங்கிவிடுகிறார்.

குப்பைக் கணக்கும் இருக்கிறது. உலகில் 2022-ஆம் ஆண்டில் 6.2 கோடி டன் மின்னணுக் குப்பை சேர்ந்தது என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே என்றும் ஐ.நா. சார்ந்த கணக்கெடுப்பு சொல்கிறது. கணினியையும் அதன் உள்ளீட்டுக் கருவிகளையும் சேர்த்தே நம் நாட்டின் மின்னணுக் கழிவு விதிகள், 2022 பட்டியலிடுகின்றன. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அந்த விதிகளின்படி, கழிவுக்குத் தயாரிப்பாளர் பொறுப்பேற்க வேண்டும். நடைமுறையில் ஒரு செத்த மவுஸை எடுத்துக்கொண்டு சேகரிப்பு மையத்தைத் தேடிப் போகிறவர் யார்? சின்னப் பொருள்கள்தான் எளிதாக வீட்டுக் குப்பையில் விழுகின்றன. அவற்றைச் சேகரிப்பது கடினம் என்பதாலேயே, அவை சீக்கிரம் குப்பையாகாமல் செய்வது அதிக அவசியம்.

ஒயரில்லாததை விட்டு ஒயருக்கே போய்விடலாமே என்பது அடுத்த மறுப்பு. அசையாத மேசைக்கு நானும் அதையே சொல்கிறேன். ஆனால் ஒயர் மவுஸிலும் அதே வகைச் சுவிட்ச்தான், கூடவே கழுத்துப் பகுதியில் ஒயர் உள்ளுக்குள் அறுந்துபோகும் தொல்லையும் உண்டு. கல்லூரிக்கும் விடுதிக்கும் அலையும் மாணவருக்கோ, வாடிக்கையாளர் வீட்டுக்கே போய்க் கணக்குப் பார்ப்பவருக்கோ ஒயரில்லாத சின்ன மவுஸ் உண்மையான வசதி. அந்த வசதியை விட்டுக்கொடுக்கச் சொல்லத் தேவையில்லை. அதோடு சேர்த்துத் திணிக்கப்படும் குறைகளைத்தான் எதிர்க்க வேண்டும்.

பெட்டியின்மேல் என்ன அச்சடிக்க வேண்டும்?

ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த பேட்டரி ஒழுங்குமுறைப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கும் கருவிகளில் கையடக்க பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். சில விலக்குகள் உண்டு. அந்தச் சந்தைக்காகத் திருத்திச் செய்யும் மவுஸை நமக்கு மட்டும் பசை போட்டு ஒட்டி அனுப்பினால் நாம் ஏற்கக் கூடாது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. பொருள்களுக்குப் பழுதுபார்ப்பு மதிப்பெண் தருவது பற்றிய பேச்சு கைப்பேசிகளிலிருந்து தொடங்கியிருக்கிறது. அந்தப் பட்டியல் விலையுயர்ந்த கருவிகளோடு நின்றுவிடக் கூடாது. ஒரு சுவிட்ச் மாற்றினால் பிழைத்துக்கொள்ளும் பொருளுக்குத்தான் அந்த உரிமை மிக எளிதாகப் பலன் தரும்.

புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் இருக்கிறது. உறையிட்ட பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவு விதிகள், விலை, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், புகார் முகவரி ஆகியவற்றோடு, பொருளின் அளவு பொருட்படுத்தத்தக்கதாக இருந்தால் அந்த அளவையும் உறைமேல் குறிக்கச் சொல்கின்றன. நாள் முழுக்கக் கையில் பிடிக்கும் கருவிக்கு அதன் அளவு பொருட்படுத்தத்தக்கது இல்லையென்றால் வேறு எதற்கு? நீளம், அகலம், உயரம் மூன்றையும் மில்லிமீட்டரில், படத்தோடு, முன்பக்கத்திலேயே போட வேண்டும் என்று எடையளவுத் துறை ஒரு விளக்கச் சுற்றறிக்கை அனுப்பலாம். சுவிட்சின் கிளிக் ஆயுளும், டாங்கிளை மாற்றி இணைக்க முடியுமா என்ற தகவலும் அதே இடத்தில் இரண்டு வரியில் அடங்கும். உத்தரவாதக் காலத்துக்குள் கிளிக் இரட்டித்தால் வீசிவிடாமல், பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துத் தமிழிலேயே புகாரைப் பதியலாம். பதிவாகும் புகார்கள் சேரச் சேர, “அது அப்படித்தான்” என்று சொல்லிப் புது உறையைக் கிழிப்பது எந்தக் கடைக்கும் எளிதாக இருக்காது.